திரும்பி வந்தவருக்குக் கல் இல்லை

பழவேற்காட்டுக் கடைத்தெருவை ஒட்டி இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில், கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் ஆளுக்கொரு பக்கமாக நிற்கின்றன. உள்ளே கிடக்கும் கருங்கல் பலகைகளில் பெரும்பாலானவை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1613இல் கட்டப்பட்ட கெல்டிரியா கோட்டையில் வாழ்ந்து இறந்தவர்களின் கற்கள் அவை. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களுக்கு 1690 வரை இதுவே தலைமையிடம். பிறகு அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டையில் மிஞ்சியது மேடும் புதரும்தான். கற்கள் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் எழுத்து அழியாமல் இருக்கின்றன.

அந்த எழுத்துகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. இங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் இன்னார், டச்சுக் கம்பெனியில் இன்ன பதவி வகித்தவர், இன்ன நாளில் இறந்தார், அப்போது வயது இத்தனை ஆண்டு, இத்தனை மாதம், இத்தனை நாள். மேலே குடும்பச் சின்னம். பெண்ணின் கல்லாக இருந்தால் யாருடைய மனைவி என்ற குறிப்பு. பெருவணிகர், கோட்டை அதிகாரி, அவர்களுடைய மனைவி மக்கள் ஆகியோருக்கே இத்தகைய செதுக்குக் கல் வாய்த்தது. கோட்டைச் சுவரில் இரவுக் காவல் நின்ற சாதாரணச் சிப்பாய்க்கு இது அரிது. செத்த பிறகும் சம்பளப் பட்டியலின் வரிசை குலையவில்லை.

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில் திருப்பாலைவனம் இருக்கிறது. திருப்பாலீஸ்வரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அதைத் தாண்டினால் ஏரியும், ஏரியை நம்பிய குப்பங்களும். இந்தப் பக்கத்து ஊர்களில் படையில் வேலை பார்த்துத் திரும்பி வந்தவரை ‘மிலிட்டரிக்காரர்’ என்றோ ‘பட்டாளத்துக்காரர்’ என்றோ சொல்வார்கள். பட்டாளம் என்ற சொல்லைப் போர்த்துக்கீசியத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துக்கீசியர் வந்திறங்கிய பழவேற்காட்டுக்கு அது அந்நியச் சொல்லாக இருக்க நியாயமில்லை. வட சென்னையில் ஒரு பகுதிக்கே பட்டாளம் என்றுதான் பெயர்.

அந்தப் பட்டாளத்துக்காரர் ஒருவர் பணி முடித்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பேரன் பேத்தி எடுத்து, தம் கட்டிலில் இறந்தால், அவர் வாழ்க்கை எதில் பதிவாகிறது என்பதே இங்கே பொருள். போரில் இறந்தவரை நினைவுகூரத் தமிழகத்தில் ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட முறை ஒன்று இருக்கிறது. திரும்பி வந்தவருக்கு அப்படி ஒன்று இல்லை. அவருடைய நினைவு கல்லில் ஏறவில்லை. அது ஏறியதெல்லாம் காகிதத்தில்.

கல்லின் கதையை முதலில் முடித்துவிடலாம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகற்களில் ஒன்று, ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்த அந்தவன் என்பவனுடையது. பெயர், ஊர், சண்டை ஆகிய மூன்றையும் சில சொற்களில் அடக்கிவிட்டது. தொல்காப்பியம் நடுகல்லுக்கான சடங்கை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, அதை நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதோடு அது முடிகிறது. இரா. நாகசாமி பதிப்பித்து 1972இல் வெளிவந்த செங்கம் நடுகற்கள் தொகுதி, பல்லவர் காலத்தில் இந்த வழக்கம் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதைக் காட்டியது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல், வீரன் கருந்தேவக்கத்தியோடு அவனுடைய நாயையும் காட்டுகிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்து நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. நாய்க்குப் பெயர் கிடைத்த கல்லில் வீரனின் மனைவிக்குப் பெயர் இல்லை. நடுகல்லில் ஒருவன் இடம்பெறுவது அவன் இறந்த அந்த ஒரு பொழுதுக்காக. அதற்கு முன்னால் அவன் வாழ்ந்த முப்பது நாற்பது ஆண்டுகளைப் பற்றி அந்தக் கல்லுக்கு அக்கறை இல்லை.

முதல் உலகப் போர் முடிந்ததும் ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றில் பதித்த சிறிய கல்பலகைகள் இதைவிடச் சிக்கனமானவை. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்பதோடு வாசகம் முடிகிறது. பெயர் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடச் சுவர், சத்திரம், மணிக்கூண்டு, சாவடி என்று கிடைத்த இடத்தில் பதித்திருக்கிறார்கள். பலவற்றின் மேல் இன்று சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. திரும்பி வந்தவர்களைப் பற்றி அந்தப் பலகையில் ஒரு சொல்லும் இல்லை. படிக்கிறவர்தான் முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து சென்றவர்கள் ஏறக்குறைய 13 லட்சம் பேர். இறந்தவர்கள் சுமார் 74,000. பெரும்பான்மையோர் கழித்தலில் கிடைக்கும் மிச்சம்தான்.

சென்னைப் படையைப் பொறுத்தவரை இந்த மிச்சத்தைத் தேடுவதற்கு வேறு வழி ஒன்று உண்டு. அது குடும்பத்தின் வழி.

ஆங்கிலேயக் கம்பெனியின் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் 1758இல் சென்னைக் காலாட்களைப் பட்டாலியன்களாக ஒழுங்குபடுத்தினார். இன்றைய மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் வயதை அந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறது. இந்தப் படையின் சிப்பாய்க்கு ஒரு தனிப் பழக்கம் இருந்தது. வங்காளப் படையின் சிப்பாய் மனைவி மக்களைக் கிராமத்தில் விட்டுவிட்டுத் தனியாளாக முகாமில் இருப்பான். சென்னைச் சிப்பாய் குடும்பத்தோடு வருவான். முகாமின் ஓரத்தில் ‘லைன்’ என்று வரிசையாகக் குடிசைகள். அரசு கொடுக்கும் குடிசைப் பணத்தில் அவனே சுவர் வைத்துக் கூரை வேய்ந்துகொள்வான். மனைவி, பிள்ளைகள், கைம்பெண்ணான தாய், சில சமயம் மனைவியின் தங்கை என்று அந்தக் குடிசை நிறையும். பட்டாலியன் இடம் மாறும்போது வண்டி மாடு, உரல் உலக்கை, கோழிக்கூடு எல்லாம் பின்னால் புறப்படும். நூறு சிப்பாய்க்குப் பின்னால் அதைவிடப் பெரிய கூட்டம் நடக்கும் என்பது அதிகாரிகளின் நெடுநாள் முனகல்.

முனகினாலும் அந்தக் கூட்டத்தை நம்பியே நிர்வாகமும் நடந்தது. இறந்த சிப்பாயின் மகனையும், பணியில் இருக்கும் சிப்பாயின் மகனையும் சிறு வயதிலேயே பட்டியலில் சேர்த்து, சிறிய சம்பளம் கொடுத்து, எழுத்தும் பயிற்சியும் சொல்லித்தந்து, வயது வந்ததும் படையில் எடுத்துக்கொள்ளும் முறை சென்னைப் படையில் வேரூன்றியிருந்தது. தகப்பன் இல்லாத வீட்டுக்கு அந்தப் பையனின் சம்பளமே கஞ்சி. கப்பலேறும் பட்டாலியன்களுக்கு இன்னோர் ஏற்பாடு இருந்தது. சம்பளத்தில் ஒரு பகுதியை ஊரிலேயே குடும்பத்துக்குக் கொடுக்கும்படி சிப்பாய் எழுதிவைத்துப் போகலாம். யாருக்கு, எவ்வளவு, எந்த ஊரில் என்பது அந்தச் சீட்டில் இருக்கும். 1824இல் பர்மா போருக்குப் போக மறுத்து பாரக்பூரில் வங்காளச் சிப்பாய்கள் கலகம் செய்து சுடப்பட்டார்கள். சென்னைப் பட்டாலியன்கள் அதே போருக்குக் கடல் தாண்டிப் போயின. சாதி, கடல் பற்றிய நம்பிக்கை என்று இதற்குப் பல விளக்கங்கள் தரப்படுவதுண்டு. வீட்டுச் செலவுக்கு வழி செய்துவிட்டுப் போகக்கூடிய அந்தச் சீட்டையும் விளக்கங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது தகும்.

குடும்பத்தோடு நடந்ததன் தடம் இன்றும் நிலப்படத்தில் இருக்கிறது. நாக்பூருக்குப் பக்கத்தில் 1821இல் அமைந்த காம்டி முகாமில் பல பத்தாண்டுகள் சென்னைப் படை இருந்தது. செகந்திராபாத், பெல்லாரி, கண்ணனூர், பெங்களூர் தண்டு ஆகியவையும் அப்படியே. இந்த ஊர்களின் பழைய தமிழ்க் குடிகளில் கணிசமானவர்கள் அந்த லைன்களின் வழியாக வந்து தங்கியவர்களின் வழித்தோன்றல்கள். பட்டாலியன் கிளம்பிப் போயிருக்கும். ஓய்வு பெற்றவர் மகளைக் கட்டிக்கொடுத்த ஊரிலேயே வீடு கட்டித் தங்கியிருப்பார். அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில்களைத்தான் முன்னாள் படைவீரரின் நினைவுச் சின்னம் என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

குடும்பஸ்தன் என்பதே பின்னால் இந்தச் சிப்பாய்க்கு எதிரான குற்றச்சாட்டாகவும் ஆயிற்று. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த பிரெடரிக் ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போர்க்குணம் இழந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினார். 1885இல் இந்தியப் படை முழுவதற்கும் தலைமைத் தளபதியானதும் அந்த எண்ணம் ஆள்சேர்ப்புக் கொள்கையாயிற்று. போர்க்குடிகள் என்று சில சமூகங்களைப் பிரித்து, வடமேற்கிலிருந்து ஆளெடுத்தார்கள். 1857இல் 52 காலாட்படைப் பிரிவுகள் இருந்த சென்னைப் படை படிப்படியாகச் சுருங்கியது. 1928 வாக்கில் மெட்ராஸ் காலாட்படை என்று ஒன்றுமே இல்லாமல் போயிற்று. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சேப்பர்கள், அதாவது பாலம் கட்டி, பாதை போட்டு, கண்ணிவெடி அகற்றும் பொறியியல் படையினர் மட்டும் தொடர்ந்தார்கள். அப்பன் பிள்ளையாகப் படையில் இருந்த குடும்பங்களில் ஒரு தலைமுறைக்கு அந்தத் தொழில் அறுந்தது. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் பற்றாத நிலையில்தான் 1940களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினார்கள்.

அந்தப் போரில் பெயர் பெற்ற சுபேதார் சுப்ரமண்யம், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தவர். கீழொட்டிவாக்கம் அவர் ஊர். பொன்னேரி வட்டமும் 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரியும் வரை அதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. மெட்ராஸ் சேப்பர்களில் பணியாற்றிய அவர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும் குழு ஒன்றை நடத்திச் சென்றார். லான்ஸ் நாயக் சிகாமணி என்பவர் கால் வைத்த இடத்தில் கண்ணி ஒன்று இருந்தது. அந்த வகைக் கண்ணி மிதித்த உடனே வெடிக்காது. சில நொடி கழித்துத் தரையிலிருந்து துள்ளி எழுந்து, வெடித்து, இரும்புச் சில்லுகளைச் சுற்றிலும் வீசும். அந்தச் சில நொடியில் சுப்ரமண்யம் தம் உடலை அதன் மேல் போட்டார். அவர் இறந்தார். உடன் இருந்தவர்கள் பிழைத்தார்கள். இறப்புக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது.

பதக்கக் குறிப்பு அந்த ஒரு நிமிடத்தைத் துல்லியமாகச் சொல்கிறது. நடுகல் சொல்லும் விதமும் அதுவே. பிழைத்தவர்கள் ஊர் திரும்பி என்ன ஆனார்கள் என்று அது சொல்வதில்லை. சொல்வது அதன் வேலையும் இல்லை.

போர் முடிந்தபோது இந்தியப் படையில் ஏறக்குறைய 25 லட்சம் பேர். 1945க்கும் 1947க்கும் இடையில் அவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஓய்வூதியத்துக்கு வேண்டிய ஆண்டுகள் அவர்களில் பலருக்கு நிறையவில்லை. போர்க்காலத்துக்கு மட்டும் சேர்ந்தவர்கள் ஆதலால், கையில் ஒரு தொகையும் விடுவிப்புச் சான்றும் கொடுத்து அனுப்பினார்கள். சென்னை மாகாண அரசு சிலருக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றியது. அப்போது மாகாணத்துக்குள் இருந்த வயநாட்டில் நடந்த குடியேற்றத் திட்டம் அவற்றில் பெரியது. காட்டை வெட்டி, மலேரியாவைத் தாங்கி நின்றவர்கள் நிலைத்தார்கள். முடியாதவர்கள் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தார்கள். ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும் தமிழ்நாடு அரசு பின்னாளில் மாத உதவித்தொகை கொடுத்தது. அதை வாங்க 1940களின் விடுவிப்புச் சான்று வேண்டும். கூரைவீட்டில் கரையானுக்குத் தப்பிய காகிதம் உள்ளவருக்கே அது கிடைத்தது.

இந்திய தேசிய இராணுவத்தில் இருந்து திரும்பியவர்களின் நிலை இன்னும் வேறு. மலேயாத் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான மத்திய ஓய்வூதியத் திட்டம் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தபோது, தாங்கள் அங்கே இருந்ததைக் காட்டும் தாள் அவர்களில் பலரிடம் இல்லை. கூட இருந்தவர் எழுதிக்கொடுக்கும் சான்று தேவைப்பட்டது. நினைவே ஆவணமாக மாற வேண்டியிருந்த இடம் அது.

சுதந்திர இந்தியாவில் படையில் சேரும் ஒருவரின் குடும்ப வாழ்க்கை ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற தாளில் நடக்கிறது. திருமணம் ஆனால் பார்ட் டூ ஆர்டர். குழந்தை பிறந்தால் பார்ட் டூ ஆர்டர். தாய் தந்தை இறந்தாலும் அதுவே. யூனிட்டின் எழுத்தர் அதைத் தட்டச்சு செய்து ரெக்கார்ட் அலுவலகத்துக்கு அனுப்புவார். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெல்லிங்டனில் இருக்கிறது. அந்தப் பதிவில் ஏறாத மனைவி, படையின் கணக்கில் மனைவி இல்லை. குப்பங்களில் திருமணம் ஆனவரைத் தலைக்கட்டு என்று எண்ணி ஊர் வரியும் பங்கும் வைப்பார்கள். பார்ட் டூ ஆர்டரும் ஒருவகையில் தலைக்கட்டுக் கணக்குதான். நாட்டாமைக்கு ஆள் முகம் தெரியும். ரெக்கார்ட் அலுவலகத்துக்கு எழுத்துதான் தெரியும்.

அந்த எழுத்தில்தான் சிக்கல். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. முன்னெழுத்தை விரித்துத் தகப்பன் பெயரைக் கடைசியில் போட்டு, படையின் படிவத்துக்கு ஏற்ப ஒரு பெயர் உண்டாகும். ‘லட்சுமி’ என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத நாலைந்து வழிகள் உண்டு. ஜம்முவில் இருக்கும் எழுத்தர் ஒரு விதமாக எழுதியிருப்பார், ரேஷன் அட்டை இன்னொரு விதம், ஆதார் மூன்றாவது விதம். வாழும்வரை இது யாருக்கும் உறுத்தாது. கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் மூன்று லட்சுமிகளும் ஒருத்தியே என்று அந்த அம்மாள் பிரமாணப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

பணிக்காலத்தில் அவர் குடும்பத்தோடு இருந்தது எத்தனை நாள் என்பதைக் கணக்கிடுவது கடினமில்லை. சிப்பாய்க்கு ஆண்டுக்கு 60 நாள் வருட விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. முழுவதும் கிடைத்ததாகவே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 90 நாள். 17 ஆண்டுப் பணியில் 1,530 நாள். அதாவது நாலு வருடமும் சில மாதமும். குடும்பக் குடியிருப்பு கிடைக்கும் அமைதி நிலையங்களில் கழியும் காலம் இதற்கு மேல். ஆனால் குடியிருப்புகளின் எண்ணிக்கை குறைவு, முறை வைத்துத்தான் கிடைக்கும். குடும்பத்தைப் பின்னால் கூட்டிக்கொண்டு நடந்த பழைய சென்னைச் சிப்பாயின் பேரன், கடிதத்தில் குடும்பம் நடத்தினான். முகவரியில் பெயர், படை எண், யூனிட், அதன் கீழே படை அஞ்சலகத்தின் எண் ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்று இருக்கும். அந்த எண்ணை வைத்து அவர் லடாக்கில் இருக்கிறாரா நாகாலாந்தில் இருக்கிறாரா என்று வீட்டாருக்குத் தெரியாது. மணியார்டர் படிவத்தின் அடியில் செய்தி எழுத விடும் சிறிய இடத்தில் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் கண் ஆபரேஷன், ஆட்டை விற்க வேண்டாம் என்ற உத்தரவு எல்லாம் நெருக்கி எழுதப்பட்டு வரும். குடும்பத்தின் மேல் அவர் வைத்திருந்த அக்கறைக்குச் சான்று தேடுகிறவர் பார்க்க வேண்டிய இடம் அந்த அடிக்கட்டைகள். கைபேசி வந்த பிறகு அந்தச் சான்றும் நின்றுவிட்டது.

‘முன்னாள் படைவீரர்’ என்றதும் நரைத்த மீசை நினைவுக்கு வருகிறது. நடைமுறை வேறு. அதிகாரி அல்லாதவருக்கு ஓய்வூதியம் பெற 15 ஆண்டுப் பணி போதும். பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்தவர் முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில் வெளியே வந்துவிடுகிறார். கடைசிப் பிள்ளை அப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கும். ஆகவே அவர் மறுபடி வேலை தேடுகிறார். வங்கிக் காவலர், கிடங்குக் காவலர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர். தமிழ்நாடு அரசு 1986இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ, அரசு நிறுவனங்களுக்குக் காவலர்களை அனுப்புகிறது. பொன்னேரி வட்டத்தைப் பொறுத்தவரை எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கத்து அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் வந்தபின் வாசற்காவல் வேலைக்குப் பஞ்சமில்லை. எல்லைக்காவலில் கழித்ததைவிட அதிக ஆண்டுகளை ஒரு வாசற்கதவின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கழித்தவர்கள் உண்டு. இரங்கல் சுவரொட்டியில் அந்த இரண்டாம் பாதி வராது. பிள்ளைகளைக் கரையேற்றியது அந்த இரண்டாம் பாதிதான். 2022இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்ததும் நால்வரில் ஒருவருக்கே தொடரும் வாய்ப்பு, மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. இனி முன்னாள் வீரரின் வயது இருபத்திரண்டாகவும் இருக்கலாம்.

வீட்டில் அவரை அடையாளம் காட்டுவது கறுப்பு இரும்புப் பெட்டி. மூடியில் வெள்ளை எழுத்தில் படை எண், பதவி, பெயர். கடைசிப் பதவி உயர்வின்போது ‘நாயக்’ என்பதை அழித்து ‘ஹவில்தார்’ என்று எழுதியிருந்தால் பழைய எழுத்தின் நிழல் அடியில் தெரியும். பெட்டிக்குள் விடுவிப்புப் புத்தகம், ஓய்வூதிய ஆணை, கேன்டீன் அட்டை, மருத்துவத் திட்டத்து அட்டை, பதக்கங்கள், பச்சைக் கொசுவலை, ஒரு கம்பளி. பதக்கங்களைவிட ஓய்வூதிய ஆணைதான் பத்திரமாக, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். கேன்டீன் அட்டையின் மதிப்பு ஊருக்கே தெரியும். மிலிட்டரி ரம் எதற்கு வேண்டியிருக்கிறது என்று நேரடியாகக் கேட்காமல் நலம் விசாரிக்க வரும் உறவினர்களை எல்லா மிலிட்டரிக்காரர்களும் அறிவார்கள்.

ஓய்வூதியக் கணக்கு எப்போதும் இழுபறிதான். ஒரே பதவியில், ஒரே அளவு காலம் பணியாற்றி வெவ்வேறு ஆண்டுகளில் ஓய்வு பெற்றவர்களுக்கு வெவ்வேறு தொகை கிடைத்துவந்தது. ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ என்ற நெடுநாள் கோரிக்கை 2015 நவம்பர் 7 அன்று ஆணையாக வந்தது. 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம் என்று ஏற்பாடு. 2003இல் வந்த பங்களிப்பு மருத்துவத் திட்டம், வயதான பெற்றோரையும் மனைவியையும் சேர்த்துக்கொண்டது. ஏரிக்கரை ஊர்க்காரருக்கு இவற்றுக்காக அலைவதே தனி வேலை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் திருவள்ளூரில். பொன்னேரி கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில் இருக்கிறது, திருவள்ளூர் அரக்கோணம் பாதையில். ரயிலில் போனால் சென்னை வரை தெற்கே இறங்கி, பாதை மாறி மேற்கே போக வேண்டும். ஒரு கையெழுத்துக்கு ஒரு பகல் போகும்.

நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்று. தாம் இன்னும் இறக்கவில்லை என்பதை ஆண்டுக்கு ஒருமுறை அவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2014 முதல் கைரேகை வைத்துக் கணினி வழியாகவும் கொடுக்கலாம். வயதானவர் விரலில், அதுவும் உப்புக்காற்றில் வலையும் கயிறும் இழுத்த விரலில், ரேகை தேய்ந்திருக்கும். இயந்திரம் ஏற்காது. ஈரத்துணியில் துடைத்து, வேட்டியில் தேய்த்து, பெருவிரல் போய் ஆள்காட்டி விரல், அது போய் நடுவிரல் என்று முயல்வார்கள். பிறகு வந்த முகம்காட்டும் முறை இதைக் கொஞ்சம் எளிதாக்கியது.

டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் அந்த நாளில் திரட்டும் நிதி, முன்னாள் படைவீரர் குடும்பங்களின் நலனுக்குப் போகிறது. பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு காகிதக் கொடி, திரும்பி வந்தவருக்கென்று பொதுவில் இருக்கும் ஓர் அடையாளம். அதில் பெயர் கிடையாது.

அவர் இறந்ததும் மனைவி செய்ய வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. இறப்புச் சான்று, வங்கிக்குத் தகவல், ஓய்வூதிய ஆணையின் நகல், தம் பெயரில் கணக்கு. வழக்கமான குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. சில நிலைகளில் குறிப்பிட்ட காலம் வரைக்கும் கூடுதல் விகிதம். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆணையில் சரியாக இருந்தால் வேலை சில வாரத்தில் முடியும். இல்லையென்றால் வெல்லிங்டனுக்கோ பெங்களூருக்கோ எழுத வேண்டும், பழைய பார்ட் டூ ஆர்டரைத் தேடி எடுக்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு முன் பனிமலையில் இருந்த கூடாரத்தில், திருமணம் ஆன செய்தியை எழுத்தர் தட்டச்சு செய்த அந்தத் தாள்தான் இப்போது அடுப்பு எரிவதைத் தீர்மானிக்கிறது.

ஓய்வூதிய ஆணையோடு ஒரு புகைப்படம் போக வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் படம். பணியிலிருந்து விடுபடும் ஆண்டில், விடுப்பில் வந்தபோது பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ ஏதாவது ஸ்டூடியோவில் எடுத்ததாக இருக்கும். இருவரும் தோளோடு தோள் ஒட்டாமல், கேமராவைப் பார்த்து, சிரிக்காமல் நிற்பார்கள். அவருக்கு முப்பத்தெட்டு வயது, ஒட்ட வெட்டிய தலை. அலுவலகத்துக்கென்று எடுத்த அந்தப் படமே பல வீடுகளில் அவர்கள் இருவரும் தனியாகச் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படம். காரியத்துக்கு முன்தினம் மகன் அதை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போவான். பக்கத்தில் இருக்கும் அம்மாவைக் கணினியில் நீக்கி, அப்பாவை மட்டும் பெரிதாக்கி, பின்னால் நீல வானம் போட்டு, சட்டமிட்டுக் கொடுப்பார்கள். உற்றுப் பார்த்தால் இடது தோளின் ஓரத்தில், சரியாக அழியாமல் விட்ட புடவைக் கரை ஒரு விரலளவு தெரியும்.